மூன்றாம் ஆண்டில் என்ன படிப்பீர்கள்?

2010ஆம் ஆண்டு தீபாவளி வாக்கில், பிளஸ் டூ வணிகவியல் குரூப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாகப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சிவகாசியில் அது காலண்டர் சீசன். அப்பா இரண்டு ஷிஃப்டும் பார்த்துவிட்டு, கையில் மசி வாசனையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. “அது எங்க இருக்கு பாப்பா?” என்றுதான் கேட்டார். அதற்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை.

ஆசை எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கார்ட்டூன் பார்த்து வந்ததில்லை. அப்பா ஓட்டிய நான்கு வண்ண கொமோரி அச்சு மெஷின், ஜப்பானில் சில காலம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த பழைய மெஷின். பட்டன்களுக்கு மேலே இருந்த எழுத்துகள் யாருக்கும் தெரியாததால் ஆங்கிலத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். மசியும் மண்ணெண்ணெயும் பட்டு ஸ்டிக்கர் உரியும் இடத்தில் பழைய எழுத்து எட்டிப்பார்க்கும். சாப்பாட்டுத் தூக்குடன் போகிற நாளில் அதை நோட்டில் வரைந்துகொள்வேன். அப்புறம் பள்ளி நூலகத்தில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ கிடைத்தது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய அந்தப் பள்ளியையும் கோபயாஷி என்ற தலைமையாசிரியரையும் தமிழ்நாட்டில் எத்தனையோ ஆசிரியர்கள் நேசித்திருக்கிறார்கள், நானும் நேசித்தேன்.

என்னை உண்மையில் பிடித்து இழுத்தது பாரதி. 1916இல் சுதேசமித்திரனில் அவர் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கல்கத்தாவிலிருந்து வந்த மாடர்ன் ரிவியூவில் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு, அந்தச் சிறிய கவிதைகளின் சுருக்கத்தை வியந்து எழுதியது. எங்கள் தமிழ் ஐயா அதைப் படிக்கத் தந்தார். படித்து முடித்ததும் எனக்குள் ஒரு தவிப்பு. பாரதிக்கே அந்தக் கவிதை ஆங்கிலம் வழியாகத்தான் கிடைத்தது. நூறு வருஷம் ஆகப்போன நிலையிலும், நான் அதுவரை படித்த ஜப்பானியக் கதைகளும் அப்படியே ஆங்கிலத்துக்குள் புகுந்து புறப்பட்டுத்தான் தமிழுக்கு வந்திருந்தன. நடுவில் யாரும் இல்லாமல் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. கல்லூரி தேடியது முழுக்க அந்த ஒரு எண்ணத்தால்தான்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். நான் தேடிய வரையில் எங்கள் பக்கத்துக் கல்லூரி எதிலும் ஜப்பானிய மொழி பி.ஏ. இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருந்தது, சாந்திநிகேதனில் இருந்தது, புனேயில் திலக் மகாராஷ்டிர வித்யாபீடத்தில் இருந்தது. எல்லாமே ரயிலில் ஒரு நாளைக்கு மேல் போக வேண்டிய ஊர்கள். அம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “பக்கத்துல ஒண்ணுமே இல்லையாடி?” என்றாள்.

சென்னையில் படிக்க வழி இருக்கிறது என்று சொன்னது பெரியப்பா மகன் பாண்டி அண்ணன். 2010இல்தான் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்திருந்தது. அந்த வட்டாரத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அண்ணன் என்ஜினீயர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மீட்டிங் நின்றுபோவதைக் கண்ணால் பார்த்தவர். நெல்சன் மாணிக்கம் சாலையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறது, ஜேஎல்பிடி என்ற தகுதித் தேர்வையும் சென்னையில் நடத்துகிறது. “பி.காம். சேர்ந்துக்கோ. சாயங்காலம் ஜப்பானியம் படி. என் த்ரீ முடிச்சிட்டா உன்னைய வேலைக்குக் கூப்பிடுவாங்க, என் டூ முடிச்சா தேடிக்கிட்டு வருவாங்க,” என்றார். நான்கு நிலைகளாக இருந்த அந்தத் தேர்வு அந்த வருஷம்தான் என் ஃபைவிலிருந்து என் ஒன் வரை ஐந்து நிலைகளாக மாறியிருந்தது. அண்ணன் சொன்னது நல்ல யோசனை. வேலைக்காக மொழி வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் நான் அதைத்தான் சொல்கிறேன். குறைந்த செலவு, வீட்டுக்குப் பக்கம், கையில் இன்னொரு பட்டமும் இருக்கும்.

ஆனால் அந்த வழியில் நொகுச்சி எங்கே வருவார் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. தனக்குத் தனியாக ஜப்பானியம் சொல்லிக்கொடுத்த சென்னை ஆசிரியை ஒருவரிடம் அண்ணன் எங்களை அனுப்பிவைத்தார். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி காலையில் எழும்பூரில் இறங்கி, அப்பாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காபி கொடுத்துவிட்டு, எந்தக் கல்லூரி நல்லது என்று நான் கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை.

“முதல் வருஷம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். ஹிரகானா, கதகானா எழுத்துகள், அப்புறம் ‘மின்னா நோ நிஹொங்கோ’ பாடப் புத்தகம். அதை நீ எங்கே உட்கார்ந்து படித்தாலும் வரும். மூன்றாம் வருஷத்தில் என்ன படிக்க வைக்கிறார்கள் என்று கேட்டு எழுது. யார் ஒழுங்காகப் பதில் போடுகிறார்களோ அங்கே போ.”

அப்பாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவரும் அப்படித்தான், ஓட்டி முடித்த தாளைக் கொண்டுவா என்பார்.

எழுதினேன். தபாலிலும் மின்னஞ்சலிலும் மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டம் கேட்டு எழுதினேன். இந்தக் கேள்வி இடங்களை எவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதை அப்போது கண்டேன். பெரிய விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த தனியார் நிறுவனம் ஒன்று, நூறு சதவீதம் வேலை உறுதி என்று வழவழப்பான தாளில் அச்சிட்டு அனுப்பியது. உள்ளே மூன்றாம் ஆண்டுக்கு எதிரே தகுதித் தேர்வுக்கான மாதிரித் தேர்வுகளும் வணிகக் கடிதங்களும்தான் இருந்தன. ஒரு கதை, ஒரு கவிதை இல்லை. தலைப்பில் மட்டும் இலக்கியம் இருந்தது. தகுதித் தேர்வு தேவையான தேர்வுதான். ஆனால் அதில் எழுதவும் பேசவும் கேட்க மாட்டார்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மூன்று வருஷத்தை அதற்கே கொடுப்பதற்குப் பட்டம் என்று பேர் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

புனே மனசைக் கொஞ்சம் அலைக்கழித்தது. மராட்டியர்களுக்கு ஜப்பானிய மொழி மேல் உள்ள பிடிப்பு பெரிது. அந்த ஊரில் மொழி படிக்கிறவர்களும் சொல்லிக்கொடுக்கிறவர்களும் நிறைய. ஒகயாமாவின் கொராகுஎன் தோட்டத்தைப் பார்த்து அமைத்த ஒரு பூங்காகூட அங்கே இருக்கிறது. பேச்சுப் பழக்கத்துக்கு அதைவிட நல்ல ஊர் இந்தியாவில் இல்லை என்று பலர் சொன்னார்கள். விடுதிச் செலவைக் கணக்குப் போட்டபோது அப்பாவின் சம்பளத்துக்குள் அது அடங்கவில்லை. அத்தோடு அதை விட்டோம்.

சாந்திநிகேதனை அப்படி விட முடியவில்லை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த ஏப்ரலில் அப்பா லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுரா, அங்கிருந்து சாந்திநிகேதன் இருக்கும் போல்பூர். சிவகாசிக்காரர்களையே சுருட்டிப்போடும் வெயில். சைக்கிள் ரிக்‌ஷாவில் சிவப்பு மண் சாலைகளைத் தாண்டி, ஜப்பானியத் துறை இருக்கும் நிப்பான் பவனத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த இடத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு வெறும் பாடத்திட்ட உறவு இல்லை. ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா 1902இல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகியதில் தொடங்குகிறது. 1905இல் ஜூடோ சொல்லித்தர சானோ ஜின்னோசுகே என்பவரைத் தாகூர் வரவழைத்தார். வந்தவர் மொழியும் சொல்லித்தந்தார், ‘கோரா’வைப் பின்னர் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். 1916இல் தாகூர் தாமே ஜப்பான் போனார், தேசியவெறியைக் கண்டித்து அங்கேயே பேசினார். பாரதி தன் கட்டுரையை எழுதிய அதே வருஷம்! 1938இல் சீனாவில் ஜப்பான் நடத்திய போர் பற்றித் தாகூர் கடுமையான கடிதங்கள் எழுதியது யாருக்கு என்று பார்த்தால், அதே நொகுச்சிக்கு. பாரதி வியந்த கவிஞர், தாகூர் வருந்திய கவிஞர், இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து எழுந்துவர மனமே இல்லை.

1954இலிருந்தே ஜப்பானிய மொழி கற்பித்துவரும் இடம். நிப்பான் பவனக் கட்டடம் 1994இல் வந்தது. மாணவிகள் சிலர் எங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாம் வருஷத்தில் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டதும் ஒரு அக்கா எழுந்துபோய்த் தன் ஃபைலையே எடுத்துவந்து விரித்துவிட்டாள். சிறுகதை நகல்கள், ஓரமெல்லாம் பென்சிலில் வங்காளக் குறிப்புகள். அதைப் பார்த்தபோது இதுதான் என் இடம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே அந்தக் குறிப்புகள் உறுத்தின. அவர்கள் ஜப்பானியத்திலிருந்து நேரே தங்கள் மொழிக்குப் போகிறார்கள், ஆசிரியரும் அதே மொழிக்காரர், சந்தேகம் வந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அங்கே ஒரு கூட்டமே இருக்கிறது. நான் தமிழில் எழுதி யாரிடம் காட்டுவேன்?

இந்தப் பயணத்துக்கு முன்பே, மார்ச் 11ஆம் தேதி, ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்திருந்தன. எங்களுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். ஃபுகுஷிமா அணு உலை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் அம்மாவிடம், “அந்த நாட்டுப் படிப்பா படிக்கப் போறா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்தில் 2004இல் சித்தி வீட்டுக்காரர்கள் பட்ட பாடு அம்மாவுக்கு நினைவிருந்தது. ஆனால் அம்மா வேறு விதமாக யோசித்தாள். தண்ணீர் விநியோகிக்கும் இடத்தில் சத்தமில்லாமல் வரிசையில் நின்ற அந்த மக்களைப் பார்த்துவிட்டு, “இவங்க பாஷைய நீ படிக்கலாம்டி,” என்றாள். அதுவரை அம்மா சரி என்று சொல்லியிருக்கவில்லை.

டெல்லி நேரு பல்கலைக்கழகத்தின் தகவல் கையேடு வந்தபோது அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆண்டுக் கல்விக் கட்டணம் 216 ரூபாய். இருவர் தங்கும் விடுதி அறைக்கு ஆளுக்கு மாத வாடகை 10 ரூபாய். அச்சுப்பிழையாக இருக்கும் என்று தொழில் தெரிந்த மனிதர் உறுதியாகச் சொன்னார். போன் போட்டுக் கேட்டார். பிழை இல்லை. சாப்பாட்டுச் செலவு தனி, அதையும் சேர்த்தாலும் விருதுநகரில் விடுதியில் போடுவதைவிடக் குறைவாக வந்தது. பின்தங்கிய மாவட்டங்களில் படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தரும் முறையும் அங்கே இருந்தது. 2019இல் அந்த வாடகையைப் பல மடங்கு உயர்த்தப் போகிறார்கள் என்று மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, அந்தப் பத்து ரூபாய் எப்படிப்பட்ட பத்து ரூபாய் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவகாசியிலிருந்து ஒரு மெஷின்மேன் மகள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனாள். அது திறந்தே இருக்க வேண்டும்.

பணம் பாதி முடிவைச் செய்தது. மீதியைப் பாடத்திட்டம் செய்தது. மூன்றாம் ஆண்டுக்குச் சிறுகதை வாசிப்பு, மொழிபெயர்ப்பு, இலக்கிய வரலாறு என்று இருந்தது. மேலே எம்.ஏ. அங்கேயே படிக்கலாம். இன்னொன்றையும் சென்னை ஆசிரியை சொல்லியிருந்தார்: வெளிநாட்டில் ஜப்பானிய மொழியை முதன்மைப் பாடமாகப் பட்டப்படிப்பில் எடுத்தவர்களுக்கென்றே ஜப்பான் அரசு ஏறத்தாழ ஓராண்டுக்கான உதவித்தொகை ஒன்று தருகிறது, நிக்கென்செய் என்பார்கள். பி.காம். படித்துக்கொண்டு மாலையில் டிப்ளமோ படிப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்ததும் அவரே டெல்லிக் கட்சிக்கு மாறிவிட்டார்.

கடைசித் தயக்கம் தீர்ந்தது அதே கையேட்டின் வேறொரு பக்கத்தில். ஜப்பானிய மையம் இருக்கும் அதே புலத்தில்தான் இந்திய மொழிகள் மையமும் இருக்கிறது, அங்கே தமிழுக்கும் பேராசிரியர் இருந்தார். போல்பூரில் என்னை உறுத்திய கேள்விக்கு அதுதான் விடை. சென்னையில் நுழைவுத் தேர்வு எழுதினேன். பட்டியலில் பெயர் வந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அப்பா கொண்டுவந்து விட்டார்.

முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உழைப்பு, அவ்வளவுதான். அன்றாடப் பயன்பாட்டுக்கான காஞ்சி என்ற ஜப்பானியப் பட எழுத்துகளின் பட்டியல் 1945 எழுத்திலிருந்து 2136 எழுத்தாக 2010 நவம்பரில் கூடியிருந்தது, எழுதி எழுதிக் கை காய்த்தது. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. பெயருக்குப் பின்னால் உருபு சேர்வதும், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே வினைமுற்றில் வாக்கியத்தை முடிப்பதும் நமக்குப் பால்குடி மாறும் முன்பே வந்துவிடுகிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் விளக்கும்போது குழம்பியவை, தமிழில் சொல்லிப் பார்த்தால் தானாக உட்கார்ந்துவிடும். இதையும் வைத்துத்தான் ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு சொன்னார், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். எங்கள் தமிழ் ஐயாவுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்று டெல்லியில் தெரிந்துகொண்டேன். உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்க உட்காரும்போது அந்த ஒற்றுமை கை கொடுக்கிறது. அதற்கு யார் ஒப்புதலும் வேண்டியதில்லை.

மூன்றாம் வருஷத்தில் அகுதாகவா வந்தார். ‘மிகான்’ என்று 1919இல் எழுதிய சின்னக் கதை. குளிர்கால மாலையில் யொகொசுகா ரயில் பாதையில், அலுப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன்னால், மூன்றாம் வகுப்புச் சீட்டோடு இரண்டாம் வகுப்பில் ஏறிவிட்ட கிராமத்துச் சிறுமி வந்து உட்காருகிறாள். அவளைப் பார்க்கவே அவருக்கு எரிச்சல். சுரங்கப்பாதையில் ஜன்னலைத் திறந்து பெட்டியெல்லாம் புகையை நிரப்புகிறாள். வெளியே வந்ததும், வழியனுப்பக் கடவுப்பாதையில் நிற்கும் தம்பிகளுக்குத் தன்னிடம் இருந்த ஆரஞ்சுப் பழங்களை வீசுகிறாள். வீட்டு வேலைக்குப் போகிற பெண். சில பக்கக் கதைதான். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு வாரம் படித்தேன். அந்த எரிச்சல்காரரின் வாக்கியங்கள் எவ்வளவு நீளமாக, சோர்வாக இழுத்துக்கொண்டு போகின்றன என்பதும், பழம் பறக்கும் இடத்தில் அவை எப்படி நிமிர்கின்றன என்பதும் மூலத்தில் படிக்கும்போதுதான் எனக்குக் கேட்டது. இதற்கு முன் ஆங்கிலத்தில் அதே கதையைப் படித்திருந்தேன், கதை புரிந்தது, அந்தச் சத்தம் கேட்கவில்லை. தமிழில் பெயர்த்து எடுத்துக்கொண்டு மாடி ஏறி இந்திய மொழிகள் மையத்துக்குப் போய், முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த தஞ்சாவூர் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் வாக்கியம் வாக்கியமாகச் சண்டை போட்டார். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சண்டைதான்.

இந்த வழியில் போனதற்கு விலையும் உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. என் வயதுக்காரர்களில் சென்னையில் மாலை வகுப்பு படித்து என் டூ முடித்தவர்கள், நான் எம்.ஏ. வகுப்பில் இருக்கும்போதே ஸ்ரீபெரும்புதூரில் நல்ல சம்பளத்தில் இருந்தார்கள். அம்மாவின் நகை ஒன்று சில காலம் அடகுக் கடையில் கிடந்தது. இப்போது நான் பகலில் இயந்திரக் கையேடுகள் மொழிபெயர்க்கிறேன், அச்சு மெஷின் கையேடுகளும் அதில் வருவதுண்டு. கதைகளுக்கு இரவுதான்.

ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் யாராவது பெண் போன் செய்வாள். 2022இலிருந்து டெல்லிக்கும் சாந்திநிகேதனுக்கும் சேர்த்து க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதனால் இரண்டு ஊரில் எது என்ற கேள்வி அந்த ஒரே தேர்வோடு சேர்ந்தே வருகிறது. போன வாரம் பேசியவள் அருப்புக்கோட்டை. கட்டணம், விடுதி, என் த்ரீ, ஒரகடம் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள், கெட்டிக்காரி. உனக்கு எதற்கு ஜப்பானியம் என்று கேட்டேன். வேலைக்கு என்றால் பாண்டி அண்ணன் நம்பரைக் கொடுத்திருப்பேன். கவாபத்தா கதைகளைப் படிக்கணும்க்கா என்றாள். அப்படியென்றால் இரண்டு இடத்திலும் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, இந்த மாதம் வகுப்பில் என்ன படித்தார்கள் என்று கேள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். நேற்று ராத்திரி சாந்திநிகேதனிலிருந்து வந்த பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். டெல்லிப் பக்கம் இன்னும் வரவில்லை, வந்ததும் இரண்டையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.